பங்கு வைத்த இறைச்சி

அன்புள்ள டீச்சர்,

போன மாதம் உங்கள் மரச்சீனி விளையை (மரவள்ளித் தோட்டத்தை) காட்டுப்பன்னி உழுதுபோட்ட கதையை எழுதியிருந்தீர்கள். சிரித்துக்கொண்டேதான் வாசித்தேன். ஆனால் 'இதைச் சுட்டாலும் குழி தோண்டிப் புதைக்கத்தான் வேண்டும், ஒரு துண்டு யாருக்கும் கிடையாது' என்று முடித்திருந்தீர்களே, அந்த வரி கிடந்து உறுத்துகிறது.

என் அம்மா ஊர் கன்னியாகுமரி மாவட்டத்து மலையடிவாரத்தில், பத்துகாணிக்குப் பக்கம். சின்ன வயதில் கிறிஸ்துமஸ் லீவுக்குப் போனால் ஒரு நாளாவது ராத்திரி மாமா வட்டயிலையில் பொதிந்து எதையாவது கொண்டுவருவார். சிலநேரம் மிளா (பெரிய மான்), சிலநேரம் பன்னி, ஒருமுறை கூரன். 'வெளியே சொல்லாதே' என்று சொல்லித்தான் தட்டில் வைப்பார்கள். இப்போது பெங்களூரில் பதினான்கு வருடம் ஆகிறது. இங்கே நண்பர்கள் காடு, வனவிலங்கு என்று பேச ஆரம்பித்தால் நான் வாயைத் திறப்பதில்லை.

சமீபத்தில் மடகாஸ்கரில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றி வாசித்தேன். அங்கே காட்டோர ஊர்களில் காட்டிறைச்சி கிடைக்காமல் போனால் ரத்தசோகை உள்ள குழந்தைகளின் எண்ணிக்கை 29 சதவீதம் கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம்முடைய மலைப் பழங்குடிகளான காணிக்காரர்கள் ஞாபகம்தான் வந்தது. அவர்கள் தட்டில் இருந்ததை எடுத்துவிட்டுச் சரணாலயம் என்று போர்டு வைத்தது அநியாயம் இல்லையா? கிழங்கு போனது விவசாயிக்கு, இறைச்சி போவது மண்ணுக்கு. யாருக்கு என்ன லாபம்?

நீங்கள் காட்டிறைச்சி சாப்பிட்டிருக்கிறீர்களா என்றும் கேட்கலாமா? மே மாதக் கடைசியில் ஊருக்கு வருகிறேன். கடிதத்தை வெளியிட்டால் என் பெயர் வேண்டாம். மாமா இன்னும் ஊரில்தான் இருக்கிறார்.

*

அன்புள்ள தம்பி,

பெயரை எடுத்துவிட்டேன். மாமா நிம்மதியாகத் தூங்கட்டும்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டிருக்கிறேன். நன்றாகவே சாப்பிட்டிருக்கிறேன். என் அப்பா குலசேகரம் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. வனவிலங்குச் சட்டம் 1972-ல் வந்தது. எங்கள் லைன் வீடுகளுக்கு அது வந்துசேர இன்னும் பத்து வருடமாவது பிடித்திருக்கும்.

எஸ்டேட்டுக்குப் பின்னால் ஓடைக்கரையில் ஒரு பரந்த பாறை உண்டு. பன்னி விழுந்தால் அங்கேதான் கொண்டுவந்து போடுவார்கள். ஓலைச்சூட்டைக் கொளுத்தி மயிரைக் கரிப்பார்கள். அந்த வாடை லைன் முழுக்கப் பரவும், பிள்ளைகள் ஓடிப்போய்ப் பாறையைச் சுற்றி நிற்போம். சுரண்டிக் கழுவியதும் தோல் வெளுத்து, சற்று முன் கறுப்பாகக் கிடந்தது இதுதானா என்று தோன்றும். அப்புறம் வாழையிலைகளை வரிசையாகப் போட்டுப் பங்கு வைப்பார்கள். ஈரலில் ஒரு துண்டு, நெய்யோடு கொஞ்சம் தோல், எலும்பு, சதை என்று எல்லாம் எல்லா இலையிலும் இருந்தாக வேண்டும். ஒன்றில் கூடினதுபோல் தெரிந்தால் எடுத்து இன்னொன்றில் வைப்பார்கள், எட்ட நின்று பார்ப்பார்கள், திரும்பவும் மாற்றுவார்கள். தராசு கிடையாது. எல்லோருக்கும் திருப்தியானதும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு இலைகளுக்கு முதுகு காட்டி நிற்க வைப்பார்கள். ஒருவர் ஒரு பங்கைக் கம்பால் தொட்டு "இது ஆருக்கு?" என்று கேட்பார். பிள்ளை ஒரு வீட்டைச் சொல்லும். அவ்வளவுதான், அதற்குமேல் பேச்சில்லை. நான் நின்ற அன்று, எங்கள் வீட்டை மறந்துவிடுவேனோ என்று பதறி முதல் கேள்விக்கே அப்பா பேரைச் சொல்லிவிட்டேன். பாறையே சிரித்தது. என்னதான் சமமாக வைத்தாலும் எலும்பு கூடின பங்கைத்தான் பிடித்து வந்திருக்கிறேன் என்று அம்மா ஒரு வாரம் சொல்லிக்காட்டினாள்.

துப்பாக்கியால் வெடி வைத்தவருக்குத் தலையும் ஒரு பங்கு கூடுதலும். தோட்டாவுக்குக் காசு போட்டவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு. கடைசி லைனில் புருஷன் இறந்துபோன ஒரு அக்கா மூன்று பிள்ளைகளோடு இருந்தார். அவர் ஒரு நாளும் காசு போட்டதில்லை, ஆனால் அவருக்கும் ஓர் இலை விரியும்.

பாதி இறைச்சியை அம்மா அன்றைக்கே தேங்காய்க் கொத்தும் நல்லமிளகும் போட்டு வைப்பாள், கூட மரச்சீனி. மீதியை உப்பும் மஞ்சளும் புரட்டிக் கம்பியில் கோத்து அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவாள். அது ஆனி, ஆடிக்கு. அந்த மழையில் பால்வெட்டு நடக்காது. மரத்துக்கு பிளாஸ்டிக் கட்டி மழையிலும் வெட்டுவதெல்லாம் பிற்பாடு வந்தது. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. அதே மாதங்களில் கடலும் கொந்தளித்துக் கிடக்கும், மீன்காரி மேலே ஏறி வரமாட்டாள். அப்போது புகையில் கறுத்துக் கட்டையான ஒரு துண்டை இறக்கி, வெந்நீரில் ஊறப்போட்டு, நறுக்கி ஒரு சட்டிக் குழம்பில் போட்டால் ஏழு பேருக்குச் சோறு இறங்கும். கிராமத்து வாழ்க்கையில் காட்டிறைச்சிக்கு என்ன இடம் என்று யாராவது என்னைக் கேட்டால், எங்கள் வீட்டில் அதற்கு அடுப்புக்கு மேலே இடம் என்று சொல்வேன்.

இனி காணிக்காரர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு பள்ளியில் இருந்தேன். பிள்ளைகளில் பாதிப்பேர் காணிக் குடியிருப்புகளிலிருந்து வருபவர்கள். ஒருமுறை ஐந்தாம் வகுப்பில் 'எனக்குப் பிடித்த உணவு' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். நோட்டுகளைத் திருத்தும்போது ஒரு பையனின் முதல் வரியில் ஒரு சொல் அடிக்கப்பட்டிருந்தது. சும்மா ஒரு கோடு அல்ல, பென்சில் தாளைக் கிழித்துக்கொண்டு அடுத்த பக்கம் வரை போயிருந்தது. மேலே 'இட்லி' என்று எழுதியிருந்தான். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடித்த சொல் 'உடும்பு'. கூப்பிட்டுக் கேட்டதற்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். விஷயம் பிறகு மற்றப் பிள்ளைகள் வழியாகத் தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஜீப் வந்து அவன் அப்பாவை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. இரண்டு நாள் கழித்து வந்தார். அவரிடம் இருந்தது ஒரே ஓர் உடும்பு. அந்தக் கட்டுரைக்கு நான் பத்துக்கு ஏழு போட்டேன். இட்லி எப்படிச் செய்வது என்று அவன் எழுதியிருந்தது முழுக்கத் தப்பு.

உடும்பு சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் அதே அட்டவணையில்தான். நீங்கள் சின்ன வயதில் சாப்பிட்ட கூரனும் (புத்தகங்களில் சருகுமான் என்று வருமே, அதுதான்) அங்கேதான். முதல் அட்டவணை மிருகமென்றால் மூன்றிலிருந்து ஏழு வருடம் வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். வேட்டையாடினவனுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். இறைச்சி யார் கையில் இருக்கிறதோ, அது முறையாக வந்ததுதான் என்று நிரூபிக்கிற பொறுப்பும் அவர்மேல்தான். அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தாலும் வழக்குதான். 2006-ன் வன உரிமைச் சட்டம் தேன், கிழங்கு, மூங்கில், மருந்துச்செடி என்று காட்டுப் பொருள்களுக்கு உரிமை கொடுத்தது. வழக்கமாக அனுபவித்துவந்த மற்ற உரிமைகளையும் கொடுத்தது. கொடுத்துவிட்டு, 'வேட்டையும் பொறிவைத்தலும் நீங்கலாக' என்று ஒரு வரியைச் சேர்த்தது. இந்தியாவில் சட்டமே விட்டுவைத்த வேட்டை உரிமை நிக்கோபார் தீவுப் பழங்குடிகளுக்கு மட்டும்தான். எங்கள் பையனின் அப்பா நிக்கோபாரில் பிறந்திருக்க வேண்டும்.

இதை அநியாயம் என்று நீங்கள் சொன்னால் நான் கூட வருகிறேன். ஆனால் காணிக்காரர் தட்டைக் காலி செய்தது சரணாலயம் என்று சொல்கிறீர்கள் பாருங்கள், அங்கே நிற்கிறேன். கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் 2008-ல் வந்தது. ஏறக்குறைய 402 சதுர கிலோமீட்டர். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னால், 1906-ல், பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்து பள்ளத்தாக்கு தண்ணீருக்குள் போனது. பிறகு தேக்கு நட்டார்கள். பிறகு ரப்பர். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்கு வேலை கொடுக்க அரசு போட்ட ரப்பர் தோட்டங்கள்தான் 1984-ல் அரசு ரப்பர் கழகம் ஆயின. ரப்பர் மரத்தடியில் கவலைக்கிழங்கு முளைக்காது, நூரைக்கிழங்கும் முளைக்காது. அந்தப் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு காணிக்காரப் பாட்டியிடம் நான் உங்களைப் போலவே கேட்டேன், முன்னாடி நிறைய இறைச்சி சாப்பிடுவீர்களா என்று. அவருக்குச் சிரிப்பு. "நாங்க கெழங்கு தின்னு வளந்தவங்க டீச்சரே. எறச்சி கெடச்சா அது நல்ல நாளு. கெடைக்காத நாளுதான் கூடுதல்" என்றார். வேட்டைக்காரர் என்று நாம் பேர் வைத்தவர்கள் வயிறு நிறைந்தது பெரும்பாலும் கிழங்கில். கிழங்கு போனதைப் பற்றி யாரும் கடிதம் எழுதுவதில்லை. (உங்களைச் சொல்லவில்லை. நானும் எழுதியதில்லை.)

மடகாஸ்கர் கணக்கில் எனக்குச் சந்தேகமில்லை. 2011-ல் வந்த ஆய்வு அது. அந்த ஊர்களில் காட்டு மிருகத்தை விட்டால் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக்கு வேறு வழி குறைவு, வளர்ப்பு இறைச்சி வாங்கக் கட்டுப்படியாகாது. அதைக் கொண்டுவந்து நம் மலையடிவாரத்தில் வைத்தால் பொருந்தவில்லை. நமக்கு இன்னும் கிட்ட வருவது ஆப்பிரிக்காவின் கானா நாட்டிலிருந்து 2004-ல் வந்த ஆய்வு. 1970-லிருந்து 1998 வரையிலான கணக்குகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எந்தெந்த வருடம் கடலில் மீன் குறைந்ததோ அந்தந்த வருடம் காப்பகங்களில் வேட்டை கூடியிருக்கிறது, 41 வகை மிருகங்கள் குறைந்திருக்கின்றன. அதை வாசித்தபோது எனக்கு எங்கள் பரணில் தொங்கிய கம்பிதான் கண்ணில் வந்தது. கடல் அடைத்த மாதங்களில் தானே அது இறங்கியது? பேச்சிப்பாறைக் காட்டுக்கும் குளச்சல் கடலுக்கும் எவ்வளவு தூரம் என்று நினைக்கிறீர்கள்? காலையில் கரையேறின சாளை மீன் எட்டு மணிக்கெல்லாம் மலையடிவாரத்துக்கு வந்துவிடும்.

எங்கள் பக்கம் எம்80 வண்டியில் மீன் கொண்டுவருகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். இருபத்தைந்து வருடமாக வருகிறார். பின்னால் பெட்டி, அதன்மேல் தராசு, வளைவு திரும்பும்போதே கூவ ஆரம்பித்துவிடுவார். காணிக் குடியிருப்புக்குப் போகிற மண்பாதையில் வண்டி ஏறுகிற மட்டும் போவார். என்னைக் கேட்டால் இந்தக் காட்டில் மிளாவைக் காப்பாற்றினதில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. சத்துணவில் வாரம் ஐந்து முட்டை வந்ததற்கும், ஜங்ஷனுக்கு ஜங்ஷன் கோழிக்கடை வந்ததற்கும் உண்டு. வனத்துறை ஆபீஸ்காரர்கள் இதைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள், எழுதிக்கொள்ளட்டும்.

அப்படியானால் இன்றைக்கு யார்தான் காட்டிறைச்சி தின்கிறார்கள்?

மலையில் இருப்பவர்கள் குறைவு. கீழே இருந்து வருபவர்கள்தான் கூடுதல். கார் வருகிறது. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த நண்பனுக்கு விருந்து, ஏதோ ஒரு வியாபாரம் முடிந்த சந்தோஷம். போனில் சொல்லிவைத்தால் ஏற்பாடு ஆகும். விலை ஆட்டிறைச்சியைத் தாண்டும். வெடி வைத்தவன் கைக்கு அதில் கொஞ்சம்தான் போகும், பிடிபட்டால் உள்ளே போவதும் அவன்தான். மேசையில் உட்கார்ந்து கோழிக்கால்போலக் கடித்தவர்களின் பேர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. உங்கள் பெங்களூர் நண்பர்கள் காணிக்காரனைத் திட்டினால், இந்த மேசையையும் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த மேசை ஒன்றில் நானும் உட்கார்ந்தேன். ஐந்தாறு வருடத்துக்கு முன் சொந்தக்காரர் வீட்டு விருந்து. வீட்டுக்காரர் தோளைத் தொட்டு, காதோரம் "மிளா" என்றார். அப்படி ஒரு பெருமை முகத்தில். எனக்கு வேண்டாம் என்றேன், விடவில்லை, ஒரு துண்டை இலையில் வைத்துவிட்டார். வாயில் போட்டேன். தம்பி, அது மிளா இல்லை. வண்டியிழுத்துச் சலித்த காளை. நான் சொல்லவில்லை, அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது? பிறகு விசாரித்ததில் இது நடக்கிற சங்கதிதான் என்று தெரிந்தது. மசாலாவில் வெந்தபின் எது என்ன என்று சொல்ல ஐதராபாத் சி.சி.எம்.பி. போன்ற ஆய்வகத்துக்கு அனுப்பி மரபணு பார்த்தால்தான் உண்டு. அத்தனை காசு கொடுத்து வாங்கினவர்கள் வாங்கினது ஒரு பேரை.

பேருக்கு விலை வந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கருங்குரங்கைவிட வேறு சாட்சி வேண்டாம். கருமந்தி என்போமே, அதுதான். உடம்பு தேறும், இளைப்பு மாறும் என்று அதை லேகியமாக்கினார்கள். அதிகமும் பசிக்காக அல்ல. ஒரு பிரசவத்துக்கு ஒரு குட்டி போடும் மிருகம். ஒருகாலத்தில் மலையே காலியாகிற நிலைக்கு வந்து, சட்டம் கடுமையான பிறகுதான் கொஞ்சம் திரும்பியது. இந்தக் கணக்குதான் காட்டில் முக்கியம். காட்டுப்பன்னி ஒரு பேறுக்கு நாலு, ஐந்து, அதற்கு மேலும் போடும், அந்தக் குட்டிகள் சீக்கிரமே தாயாகிவிடும். மிளா ஒன்று. அழுங்கு (எறும்புத்தின்னி) ஒன்று. பன்னியை எங்கள் ஓடைக்கரைப் பாறையில் எத்தனையோ தடவை பங்கு வைத்தும் அது குறைந்ததில்லை. மிளாவுக்கு அந்தத் தாங்குதிறன் கிடையாது. அதோடு ஒரு புலிக்கு வருடத்துக்கு ஐம்பது மான், பன்னி அளவுக்கு இரை வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். காட்டுக்குள் இரை குறைந்தால் அது எங்கே வரும்? 2023-ல் சிற்றாறு ரப்பர் கழகக் குடியிருப்புப் பக்கம் ஆடு, மாட்டை அடித்துக்கொண்டு ஒரு புலி வாரக்கணக்கில் சுற்றியதே, அது வயதான புலி, அதன் கதை வேறு. ஆனால் அந்த நாட்களில் விடியற்காலம் பால்வெட்டுக்குப் போகப் பெண்கள் பட்ட பயம் வேறு இல்லை.

பன்னிக்கு என்று வைக்கிற பொறிக்கும் பன்னி என்று எழுதி ஒட்டியிருக்காது. கம்பிச் சுருக்கில் சிறுத்தையும் மாட்டும், மிளாவும் மாட்டும். அவுட்டுக்காய் அதைவிட மோசம். தீனிக்குள் வெடிமருந்தை வைத்து உருட்டிப் போட்டுவிடுவார்கள், கடித்தால் வாய் சிதறும். 2020 மே மாதம் பாலக்காட்டுப் பக்கம் ஒரு சினை யானை இப்படி வாய் கிழிந்து, தின்ன முடியாமல் ஆற்றுக்குள் நின்றபடியே செத்தது. என்னோடு படித்த ஒருவரின் மாடு இதேபோல் போனது. தாடை இல்லாமல் அது தொழுவத்துக்குத் திரும்பி வந்து நின்றது என்று சொல்லும்போது அவருக்குப் பேச்சு வரவில்லை. இறைச்சி ஆசையை நான் மன்னிப்பேன். அவுட்டுக்காயை மாட்டேன்.

சரி, புதைக்கிற விஷயம்.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் ஓர் ஏற்பாடு வந்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்னியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் வனத்துறை ஆட்களே சுடலாம். என் மரச்சீனி நிற்பது ஒரு கிலோமீட்டருக்குள். அது பன்னிக்கும் தெரியும் போலிருக்கிறது, ஒரே ராத்திரியில் நூற்றிருபது மூடு. பத்துகாணியிலிருந்து எல்லை தாண்டினால் கேரளம். அங்கே 2022-லிருந்து பஞ்சாயத்துத் தலைவரே சுட உத்தரவு கொடுக்கலாம். சுட்டதைப் புதைத்தாக வேண்டும் என்பதும் அங்கே விதி. ஒரே பன்னி, ராத்திரி அந்தப் பக்கம் மேய்ந்தால் ஒரு சட்டம், இந்தப் பக்கம் மேய்ந்தால் ஒரு சட்டம். இறைச்சி இரண்டு பக்கமும் சர்க்காருடையது.

புதைப்பது எனக்கும் வயிற்றெரிச்சல்தான். ஒருவன் எட்டு மாதம் பழைய சேலை கட்டி, தகரம் தட்டி, தூக்கம் கெட்டுக் காத்த கிழங்கைத் தின்று கொழுத்த உடம்பு அது. கணக்குப் பார்த்தால் அவன் மரச்சீனிதான் வேறு உருவத்தில் கிடக்கிறது. அதைக் குழியில் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனாலும் கொடுத்துவிடலாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் சொன்ன அந்தக் கார்தான் காரணம். உத்தரவு வாங்கிச் சுட்ட பன்னியின் இறைச்சியை வைத்திருக்கலாம் என்று ஆன மறுநாள், மலையிலிருந்து இறங்குகிற எல்லா இறைச்சியும் உத்தரவுப் பன்னி ஆகிவிடும். சட்டியில் வெந்த மிளாவும் உத்தரவுப் பன்னிதான். காளையை மிளா என்று விற்கத் தெரிந்தவர்களுக்கு மிளாவைப் பன்னி என்று விற்க ஒரு நாள் போதும். இன்னொன்றும் உண்டு. 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்னிகள் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் செத்து விழுந்தன. மனிதனுக்கு அது தொற்றாது, வளர்ப்புப் பன்றிக்குத் தொற்றினால் ஒன்று மிஞ்சாது. நம் மாவட்டத்தில் நாலைந்து பன்றி வளர்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற வீடுகள் இருக்கின்றன. பச்சை இறைச்சி கை மாறி வந்து கழுவின தண்ணீர் ஒரு தொழுவத்தில் விழுந்தால் போதும்.

பாறையில் பங்கு வைத்த காலத்துச் சட்டமாக இருந்தால் நானே கொடுக்கச் சொல்வேன். பதினொரு இலை விரியும், பதினொன்றும் லைனுக்குள்ளேயே முடியும், வெளியே போகாது. இப்போது இலை விரிக்க ஆள் இல்லை.

இதற்கு நடுவில் யாரும் பேசாத ஒன்று: பன்னி இப்போது முழுக்கக் காட்டிலிருந்து இறங்கி வருவதில்லை. 2011-ல் ரப்பர் கிலோ இருநூறைத் தாண்டி விற்றது. 2016-ல் நூறுக்கும் கீழே போனது. வெட்டுக்கூலிக்கே கட்டாமல் பலர் வெட்டை நிறுத்தினார்கள், பிள்ளைகள் வெளிநாடு போனார்கள், தோட்டத்தில் காடு மண்டியது. என் விளைக்கு மேற்கே அப்படி மூன்று ஏக்கர் கிடக்கிறது. என் மரச்சீனியைத் தின்ற கூட்டம் பகலெல்லாம் அங்கேதான் படுத்திருக்கிறது, சரணாலயத்தில் இல்லை. நரி இருந்தால் குட்டிகளையாவது பிடிக்கும். நரி ஊளை கேட்டே எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அந்த மூன்று ஏக்கரின் சொந்தக்காரருக்கு இரண்டு முறை போன் செய்தேன், அடிக்காடு வெட்டித் தரச் சொல்லி. "பாக்கலாம் டீச்சர்" என்கிறார். துபாயிலிருந்து எப்படிப் பார்ப்பார்?

என்ன செய்யலாம் என்று கேட்டால் என்னிடம் பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. கிழங்கு போன விவசாயிக்கு நஷ்டஈடு அடுத்த நடவுக்கு முன்னால் கையில் வர வேண்டும். ஓர் உடும்போடு நின்ற காணிக்காரரையும், கார் பிடித்து மிளா இறக்குகிறவரையும் ஒரே ஜீப்பில் ஏற்றக்கூடாது. பின்னவருடைய ஜீப்பில் சாப்பிட்டவர்களுக்கும் இரண்டு சீட் போட வேண்டும்.

அந்த இட்லிப் பையனுக்கு இப்போது நாற்பது வயது இருக்கும். போன வருடம் பேச்சிப்பாறை பஸ்ஸில் பார்த்தேன். இப்போதும் உடும்பு பிடிக்குமா என்று கேட்க வாய் வந்தது, பஸ்ஸில் ஆள் நிறைய இருந்ததால் விட்டுவிட்டேன். அவன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து முட்டை பப்ஸ் தின்றுகொண்டிருந்தாள்.

மே மாதக் கடைசியில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்கு வாருங்கள். நல்லமிளகு அரைத்த சாளைக்கறியும், பன்னி விட்டுவைத்த மரச்சீனியும் உண்டு. ஆனால் முப்பத்தொன்றாம் தேதிக்குள் வந்துவிடுங்கள் தம்பி. ஜூன் ஒன்றிலிருந்து நம் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். எம்80 அண்ணன் அப்புறம் இரண்டு மாதத்துக்கு விலையைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அன்புடன்,
டீச்சர்